பிசிறு போக பிளர் எதற்கு?

பி.காம். படிக்கிறவன் டெபிட், கிரெடிட்டை விட்டுவிட்டு சிற்பம், ரெண்டர் என்று எழுத வந்துவிட்டானே என்று வகுப்பு நண்பர்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதில் ஒரு பண விஷயமும் இருக்கிறது.

இசட்பிரஷ் மாதிரியான மென்பொருளில் களிமண்ணைப் பிசைவது போல ஒரு உருவத்தைச் செய்கிறோம். ரெண்டர் செய்து படமாக எடுத்துப் பார்த்தால் தோள், மூக்கு, விரல் ஓரமெல்லாம் படிக்கட்டு படிக்கட்டாகப் பிசிறு அடிக்கிறது. உடனே நம் ஆட்கள் இரண்டில் ஒன்று செய்வார்கள். ஃபோட்டோஷாப்பில் திறந்து பிளர் கருவியை வைத்து ஓரத்தைத் தேய்ப்பார்கள். இல்லையென்றால், "இந்த கம்ப்யூட்டர் பத்தாது, கிராபிக்ஸ் கார்டு போடணும்" என்று வீட்டில் போய் நிற்பார்கள். இரண்டுமே வெட்டி வேலை என்பதுதான் என் கட்சி.

பிசிறு எப்படி வருகிறது? பிக்சல் என்பது ஒரு சின்னக் கட்டம். அதற்குள் ஒரே ஒரு நிறம்தான் இருக்க முடியும். சாய்வான ஓரம் ஒன்று அந்தக் கட்டத்தின் குறுக்கே போனால், பாதி சிலை, பாதி பின்னணி. கட்டத்தின் நடுப்புள்ளியை மட்டும் பார்த்து "சிலையா, இல்லையா" என்று முடிவு செய்தால் படிக்கட்டுதான் கிடைக்கும். அதே கட்டத்துக்குள் பல இடங்களில் பார்த்து, சராசரி எடுத்து நிறம் கொடுத்தால் ஓரம் வழவழப்பாகிவிடும். இதைத்தான் ஆன்ட்டி-அலியாசிங் என்கிறார்கள். ஃபிராங்க்ளின் குரோ என்பவர் 1977-லேயே இந்தச் சிக்கலைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார். ஆக, இது ஒன்றும் புது வியாதி இல்லை.

பிளர் செய்வது வேறு. அதற்குச் சிலை எங்கே முடிகிறது என்று தெரியாது. பக்கத்துப் பக்கத்து நிறங்களைக் கலக்கிவிடும், அவ்வளவுதான். கணக்கு டேலி ஆகவில்லை என்றால் எங்கே தப்பு என்று தேடாமல் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் தள்ளிவிட்டு எழுந்து போவது மாதிரி. பார்க்கச் சரியாக இருக்கும். தப்பு அங்கேயேதான் இருக்கும்.

என் நண்பன் ஒருவன் கழுகுமலை வெட்டுவான்கோவில் தட்சிணாமூர்த்தியை இசட்பிரஷில் செய்து கொண்டிருந்தான். எங்கள் கோவில்பட்டியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து, முடிக்காமல் விட்ட ஒற்றைக்கல் கோயில். அங்கே தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார்! மிருதங்கத்தின் வார்களை ஒவ்வொன்றாகச் செதுக்க இவனுக்கு ஒரு வாரம் ஆனது. ரெண்டரில் பிசிறு வந்ததும் பிளரால் தேய்த்தான். வார்கள் மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டன. வேலைக்கு அனுப்ப வேண்டிய படம் அது. அடுத்து கிராபிக்ஸ் கார்டு பேச்சு ஆரம்பித்தது. அவன் அப்பா மானாவாரிக் கரிசலில் உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறவர். மழையைப் பொறுத்துத்தான் அவர் கையில் காசு.

இசட்பிரஷின் சொந்த ரெண்டரான பிபிஆர், கிராபிக்ஸ் கார்டைத் தொடுவதே இல்லை. எல்லா வேலையையும் பிராசஸரும் மெமரியும்தான் செய்கின்றன. பிளெண்டரின் சைக்கிள்ஸ் என்றால் கார்டு போட்டால் வேகம் கூடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கேயும் கூடுவது வேகம்தான், ஓரத்தின் அழகு இல்லை.

அப்புறம் என்னதான் செய்வது? வேண்டிய அளவைப் போல இரண்டு மடங்கில் ரெண்டர் செய்து பாதியாகச் சுருக்க வேண்டும். 6-க்கு 4 அங்குல அட்டையில் அச்சடிக்க, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 1800 × 1200 பிக்சல் வேண்டும். 3600 × 2400-ல் ரெண்டர் செய்யுங்கள். சுருக்கும்போது நான்கு பிக்சல் சேர்ந்து ஒன்றாகிறது, ஓரம் தானாக இறங்கிவிடும். இசட்பிரஷில் இதற்கென்றே ஏஏஹாஃப் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஜிம்ப்பிலும் சுருக்கலாம், அது இலவசம். டாக்குமெண்ட் அளவை மட்டும் முதலிலேயே மாற்றிவிடுங்கள். நடுவில் மாற்றினால் உருவம் வெறும் படமாகக் கேன்வாஸில் ஒட்டிக்கொள்ளும், அழித்துவிட்டு மறுபடி வரைந்து எடிட்டுக்குள் போக வேண்டும்.

பிபிஆர் பக்கத்தில் எஸ்பிக்ஸ் என்று ஒரு ஸ்லைடர் இருக்கும். ஒரு பிக்சலுக்குள் எத்தனை நுணுக்கமாகப் பார்ப்பது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. சோதனைக்குக் குறைவாக வைத்து, கடைசிப் படத்துக்கு மட்டும் ஏற்றினால் போதும். எப்போதும் உச்சத்தில் வைத்துக்கொண்டு மின்விசிறியை ஓடவிடுவானேன்?

இன்னொன்று, பலரும் இரண்டு வியாதியை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். ஓரம் படிக்கட்டாக இல்லாமல் நீளநீளமான நேர்க்கோடுகளாக, பட்டை தீட்டிய மாதிரி முறிந்து முறிந்து தெரிந்தால் அது பிக்சல் கோளாறே இல்லை, பாலிகன் பற்றாக்குறை. டிவைட் கொடுத்தால்தான் தீரும். ஒவ்வொரு முறையும் பாலிகன் நான்கு மடங்காகும் என்பதால் பார்த்துக் கொடுங்கள். படத்தை 100 சதவீதத்தில் வைத்துத்தான் பார்க்கவும் வேண்டும். 130-ல் பெரிதாக்கி வைத்துக்கொண்டு பிசிறு, பிசிறு என்றால் படம் என்ன செய்யும்?

"எல்லாரும் போன்லதானடா பாக்கிறாங்க, இவ்வளவு எதுக்கு?" என்று நண்பன் கேட்டான். போன் திரை எல்லாவற்றையும் சுருக்கித்தான் காட்டும், அதனால் பிசிறு மறைந்து போகும். அச்சில் மறையாது. நம் ஊருக்கு இது தெரியாத விஷயமா? காலண்டர் சாமி படங்களால் பேர் வாங்கிய கொண்டையராஜு (1898–1976) வாழ்ந்த ஊர் இது. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்து வந்தவர் அவர். பெரிய படுதாவில் வரைந்ததைத் தூரத்தில் இருந்து பார்க்கும்போது தூரிகைத் தடங்கள் கண்ணிலேயே கலந்துவிடும். ஏஏஹாஃப் செய்வதும் ஏறக்குறைய அதுதான் :-)

நண்பனின் படத்தில் ஒரே ஒரு வில்லங்கம் மிச்சம் இருந்தது. கறுப்புப் பின்னணியில் எடுத்த சிலையை வெள்ளைத் தாளுக்காக வெட்டி ஒட்டினான், சுற்றிலும் மை தீட்டியது போல ஒரு கோடு. ஓரத்துப் பிக்சல்களில் ஏற்கெனவே கறுப்பு கலந்திருக்கிறது, அது வெட்டினாலும் கூடவே வரும். பின்னணியை முதலிலேயே வெள்ளையாக வைத்து மறுபடி ரெண்டர் செய்யச் சொன்னேன். செய்தான். இப்போது வார்களை எண்ணலாம்.