ரத்த ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபினுக்குக் கீழே உள்ள வரிகள்

கேள்வி: ‘‘என் மாமியாருக்கு 58 வயது. ஆறு மாதமாகக் களையெடுக்கப் போனால் மூச்சு வாங்குகிறது. அரை நாளிலேயே வரப்பில் உட்கார்ந்துவிடுகிறார். சி.பி.சி. என்ற ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.1 என்று வந்தது. மூன்று மாதமாக டானிக், பீட்ரூட், பேரீச்சம்பழம் எல்லாம் கொடுத்தும் இப்போது 8.3தான். முதல் ரிப்போர்ட்டின் நகலை இணைத்துள்ளேன். இதைவிட நல்ல டானிக் இருக்கிறதா?’’

- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: டானிக்கை மாற்றிப் பயனில்லை. மாமியாரின் உடம்பில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். அப்படி நினைக்க வைக்கும் எண்கள், வாசகி அனுப்பிய ரிப்போர்ட்டிலேயே இருக்கின்றன. பெரும்பாலான வீடுகளில் நடப்பதுபோல, முதல் வரியில் உள்ள ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்திருக்கிறார்கள்.

சி.பி.சி. என்பது ரத்தத்தில் உள்ள சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு ஆகியவற்றை எண்ணி, அளந்து சொல்லும் பரிசோதனை. ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதனாலேயே, ‘பொம்பளைங்களுக்கு ரத்தம் கம்மியாத்தான் இருக்கும்’ என்று விட்டுவிடுகிறார்கள். மாதவிலக்கு நின்றுபோன 58 வயதுப் பெண்ணுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது எம்.சி.வி. இது சிவப்பணுவின் அளவு. 80-லிருந்து 100 வரை இருக்கலாம். 100-ஐத் தாண்டினால் வைட்டமின் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறை இருக்கலாம். மதுப்பழக்கம் உள்ளவர்களுக்கும் கூடும். 80-க்குக் கீழே போனால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. மாமியாருக்கு 66. அணுக்கள் சிறியதும் பெரியதுமாகக் கலந்திருப்பதைக் காட்டும் ஆர்.டி.டபிள்யூ. 19, இது 15-க்குள் இருக்க வேண்டும். சிவப்பணு எண்ணிக்கையும் 39 லட்சமாகக் குறைந்திருக்கிறது. மூன்றும் சேர்ந்து இரும்புச்சத்துக் குறையையே காட்டுகின்றன. சிலருக்கு எம்.சி.வி. குறைவாக இருந்தும் சிவப்பணு எண்ணிக்கை 50 லட்சத்துக்கு மேல் இருக்கும். அது பரம்பரையாக வரும் தலசீமியாக் கூறாக இருக்கலாம். அவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் இரும்பு டானிக் கொடுத்தாலும் எண் ஏறாது. அதற்கென்று தனிப் பரிசோதனை உண்டு.

இரும்புக் குறைதான் என்றால் டானிக்குக்கு ஏன் ஏறவில்லை? இரும்பு மருந்தை ஒழுங்காக எடுத்தால் நான்கு வாரத்தில் 1 கிராமாவது கூட வேண்டும். டீ, காபி, பால் ஆகியவற்றோடு சேர்த்துக் குடித்தால் இரும்பு உடம்பில் சேராது. எலுமிச்சை, நெல்லிக்காயோடு நன்றாகச் சேரும். பீட்ரூட்டின் நிறத்துக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. அதில் இரும்பு குறைவுதான். ஆனால், மருந்தைச் சரியாக எடுத்தும் ஏறவில்லை என்றால், உள்ளே போவது வெளியே போய்க்கொண்டிருக்கலாம். வரப்பில் நண்டு வளை இருக்கும்போது மடையைத் திறந்துவிட்டு என்ன பயன்?

கிராமத்தில் அந்த வளை பெரும்பாலும் மூன்று நான்கு இடங்களில்தான் இருக்கும். ஒன்று, கொக்கிப்புழு. மலம் கழித்த மண்ணில் வெறுங்காலோடு நடக்கும்போது பாதத்தின் தோல் வழியாக நுழைந்து, குடலில் ஒட்டி ரத்தம் குடிக்கும். குடற்புழு நீக்க நாளில் மாத்திரை கிடைப்பது பெரும்பாலும் பிள்ளைகளுக்குத்தான். வயலில் நிற்கும் பெரியவர்களை யாரும் கேட்பதில்லை. இரண்டாவது, மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் வலி மாத்திரை. மாதக்கணக்கில் போட்டால் இரைப்பையில் புண் வந்து வலியே இல்லாமல்கூட ரத்தம் கசியும். மூன்றாவது, வெட்கப்பட்டுச் சொல்லாத மூலம். நான்காவதாக, இரைப்பை அல்லது பெருங்குடல் புற்றுநோய். 50 வயதைத் தாண்டிய ஆணுக்கோ, மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ காரணமில்லாமல் இரும்புச்சத்து குறைந்தால் மருத்துவர்கள் குடலைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். எல்லோருக்கும் அப்படி இருக்காது; இருந்தால், சீக்கிரம் தெரிவது உயிரைக் காக்கும்.

வெள்ளையணு 4,000 முதல் 11,000 வரை இருக்கலாம்; கிருமித்தொற்று வந்தால் கூடும். அதில் ஈஸ்னோபில் என்ற வகை 6 சதவிகிதத்தைத் தாண்டினால், ‘ஈஸ்னோபீலியா’ என்று தும்மலுக்கு மாத்திரை வாங்குவது வழக்கமாகிவிட்டது. தூசி ஒவ்வாமையில் கூடுவது உண்மைதான். குடற்புழுவாலும் கூடும். மாமியாருக்கு இது 11. புழுவையும் சந்தேகிக்க வேண்டும்.

தட்டணு, அதாவது பிளேட்லெட், ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை. காய்ச்சலில் இது குறைந்தால் ஊரே டெங்கு என்று முடிவுகட்டிவிடும். எலிக்காய்ச்சலிலும், உண்ணிக்காய்ச்சலிலும் குறையும். இவற்றுக்கு டெங்குவுக்கு இல்லாத தனி மருந்து உண்டு. தாமதித்தால் சிறுநீரகமும் நுரையீரலும் கெடும். நாற்று நட்டது, எலி வளை வெட்டியது, புதரில் ஆடு மேய்த்தது எதுவானாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உண்ணிக்காய்ச்சலுக்கு அது அடையாளம். டெங்குவில் காய்ச்சல் விடும் நாள்தான் ஆபத்து. அப்போது தட்டணு இறங்கி, பி.சி.வி. என்ற எண் ஏறினால் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிகிறது. வீட்டில் வைத்திருக்கக் கூடாது. ஊதா மூடிக் குழாயில் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் இயந்திரம் குறைத்து எண்ணிவிடும். நலமாக இருப்பவருக்குத் திடீரென்று 40,000 என்று வந்தால், கண்ணாடித் தகட்டில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லலாம்.

இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. சர்க்கரை, உப்பு, கொழுப்பு எதுவும் இதில் தெரியாது. பழைய ரிப்போர்ட்களைத் தூக்கிப் போடாமல், தேதி வாரியாக ஒரு பையில் வைத்துக்கொண்டு எடுத்துப் போக வேண்டும்.

வாசகி இப்போது செய்ய வேண்டியது: இரண்டு ரிப்போர்ட்களோடும், போட்டுவரும் வலி மாத்திரை அட்டையோடும் மாமியாரை அரசு மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்கு அழைத்துப்போய், ஃபெரிட்டின், மலப் பரிசோதனை, தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி பற்றிக் கேட்க வேண்டும். இரும்பு மருந்தாலும் மலம் கறுக்கும் என்பதால், அதை எப்போதிலிருந்து குடிக்கிறார் என்று சொல்லிவிட வேண்டும். நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ, மலம் தார் போலப் பிசுபிசுவென்று போனாலோ அன்றைக்கே போக வேண்டும். அதுவரை வெயிலில் களையெடுக்க அனுப்ப வேண்டாம்.