ஜெல்லுக்குக் கடன் வாங்குறீங்க, செருப்பை மாத்த மாட்டீங்களா? (த்ரெட்)

1/ சர்க்கரை நோயாளிக்குக் காலில் புண். மாசக்கணக்கா ஆறலை. "குரோத் ஃபேக்டர் ஜெல் இருக்கு, மனிதப் புரதம், செல்லையே வளர வச்சிடும், விலைதான் ஜாஸ்தி"ன்னு யாரோ சொல்றாங்க. நகையை அடகு வைக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

2/ இ.ஜி.எஃப். என்பது நம் உடம்பிலேயே இருக்கும் புரதம். தோல் கிழிந்தால், ஓரத்தில் உள்ள செல்களிடம் "நகரு, பெருகு" என்று சொல்லும் தூது. கண்டுபிடித்த ஸ்டான்லி கோஹனுக்கு 1986-ல் நோபல் பரிசு. மனித ஜீனை பாக்டீரியாவிலோ ஈஸ்ட்டிலோ புகுத்தி அதே புரதத்தைத் தயாரித்தால், அதுதான் 'ரீகாம்பினன்ட்'.

3/ ஆய்வகத்தில் தட்டு நிறைய செல்களை வளர்ப்பாங்க. நடுவில் ஒரு கோடு கீறி, புரதத்தை ஊற்றுவாங்க. சில மணி நேரத்தில் இரண்டு பக்கச் செல்களும் ஊர்ந்து வந்து இடைவெளியை மூடும். பார்க்க அழகா இருக்கும். ஆனா அந்தத் தட்டு மேல 70 கிலோ ஆள் யாரும் ஏறி நிக்கலையே!

4/ உங்க புண் ஏன் ஆறலை? நரம்பு மரத்து, அழுத்தம் தெரியாம அதே இடத்தையே மிதிக்கிறீங்க. ரத்தக்குழாய் அடைச்சிருக்கலாம். எலும்பு வரை கிருமி போயிருக்கலாம். நாள்பட்ட புண்ணில் புரதத்தைச் சிதைக்கும் என்சைம்களும் அதிகம். காசு கொடுத்துப் பூசின ஜெல்லையும் அது விட்டு வைக்காது.

5/ கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முழுக்க கெட்டி ஷூவில் நிக்கிறவர். சித்திரை வெயிலில் திருப்பாச்சூர் கோயில் பிராகாரத்தை வெறுங்காலில் சுத்துறவர். மரத்துப்போன காலுக்கு ஷூ கடிச்சதும் தெரியாது, கல்லு சுட்டதும் தெரியாது. வீட்டுக்கு வந்து சாக்ஸில் ரத்தத்தைப் பார்த்தாத்தான் தெரியும்.

6/ இதற்கு விடை வேலூரிலேயே கிடைச்சாச்சு. 1946-ல் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் புண்ணுக்குக் காரணம் சதை அழுகுவது இல்லை, வலி தெரியாமல் மிதிப்பதுதான் என்று காட்டினார். மாவுக்கட்டு போட்டு அழுத்தத்தை எடுத்தால் புண் ஆறியது. ஆறினது திரும்பாமல் இருக்க மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு. இன்று சர்க்கரை நோய்ப் பாத சிகிச்சையின் அடிப்படையும் அதுதான்.

7/ அப்போ ஜெல் ஏமாத்து வேலையா? இல்லை. ஹைதராபாத்தில் தயாராகும் இ.ஜி.எஃப். ஜெல் உரிமம் பெற்ற மருந்து. பிடிஜிஎஃப் என்ற இன்னொரு புரதத்தின் ஜெல்லை அமெரிக்கா 1997-ல் அனுமதித்தது. அந்த அனுமதியிலேயே இருக்கு: காலில் ரத்த ஓட்டம் போதுமான அளவு இருக்கணும், முறையான புண் பராமரிப்போடு சேர்த்துத்தான் தரணும். இந்த வரியை விற்கிறவர் சொல்ல மாட்டார்.

8/ செல்லை நகர்த்தும் அதே வழியைப் புற்றுநோய்க் கட்டியும் பயன்படுத்தும். அந்த அமெரிக்க ஜெல்லுக்கு 2008-ல் புற்றுநோய் பற்றிய கடும் எச்சரிக்கை போட்டாங்க. கூடுதல் தரவு வந்தபின் 2018-ல் எடுத்தாங்க. ஆனாலும், பூசும் இடத்தில் கட்டி இருந்தால் அந்த ஜெல்லைத் தொடவே கூடாது.

9/ 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று மைக்ரோகிராம் கணக்கில் விற்கும் பொடி, மனித உடம்புக்கானது இல்லவே இல்லை. அதை முகத்திலோ புண்ணிலோ ஊசியாகப் போடுறேன்னு யார் சொன்னாலும் எழுந்து வந்துடுங்க. லேபிளில் உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இல்லையென்றால் அது மருந்தே இல்லை.

10/ "காலை ஊன்றாம ஓய்வெடுத்தா கூலி யார் தருவா டாக்டர்?" நியாயமான கேள்வி. ஜெல் விற்கிறதே இதனாலதான். பூசிட்டு மறுநாளே வேலைக்குப் போகலாம்னு ஆசை காட்டுது. ஈ.எஸ்.ஐ.யில் பதிவாகி, சந்தா ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால், நோய்க்கால விடுப்புக்கு வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் உண்டு. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் அது பொருந்தும். சந்தாவைக் கட்டாத காண்ட்ராக்டர்தான் உங்க காலுக்கு முதல் எதிரி.

11/ 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி நாட்டில் 10.1 கோடி சர்க்கரை நோயாளிகள். இத்தனை பேர் காலையும் ஜெல்லால் காப்பாற்ற முடியாது. பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் ஒரு கையும், நல்ல செருப்பும், சம்பளத்தோடு ஓய்வும் காப்பாற்றும்.

12/ டாக்டரிடம் கேளுங்க: காலில் நாடி பார்த்தீங்களா? நைலான் இழையால் உணர்ச்சி சோதிச்சீங்களா? எலும்புக்கு எக்ஸ்ரே வேணுமா? எந்தச் செருப்பு போடணும்? நாலுக்கும் பதில் வராம ஜெல் சீட்டு மட்டும் வந்தா, திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்க. புண் கறுத்தாலோ, நாறினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே போங்க.

13/ ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற உங்க வீட்டு ஆளுக்கு இதை அனுப்புங்க. அவர் ஷூவைக் கழட்டினதும் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்க. அதுக்குக் காசு ஆகாது.