பாஸ்வேர்டு சரி, பூட்டும் சரி... கதவு மட்டும் திறக்கவில்லை!

"பாஸ்வேர்டை மறந்தால்தான் ஆபத்து. ஞாபகம் இருந்தால் பயமே இல்லை." கணினியில் கோப்புகளைப் பூட்டி வைக்கச் சொல்லித்தரும் பாடங்கள் எல்லாம் இப்படித்தான் முடிகின்றன. இது பாதி உண்மை. பாஸ்வேர்டு ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் நினைவில் இருந்தும், டிஸ்க்கில் ஒரு பிட்கூடக் கெடாமல் இருந்தும், சொந்தக் கோப்பைத் திறக்க முடியாமல் போகலாம். காரணம் திருடன் இல்லை, வைரஸும் இல்லை. மென்பொருளின் புதிய பதிப்பு!

வல்லத்தில் ஒரு மாணவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். (செஞ்சிக்குப் பக்கத்து வல்லம். தஞ்சாவூர் வல்லம் இல்லை.) 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த லேப்டாப்தான் வீட்டில் இருக்கும் ஒரே கணினி. ரிப்பேர் என்றால் செஞ்சியில் ஒரு கடையில் கொடுத்துவிட்டு வரவேண்டும். திரும்பி வரும்வரை உள்ளே யார் எதைப் பார்த்தார்கள் என்று தெரியாது. அதனால் சான்றிதழ் ஸ்கேன், நிலப் பட்டாவின் நகல், வீட்டார் படங்கள் எல்லாவற்றையும் ட்ரூகிரிப்ட் மென்பொருளால் ஒரே கோப்புக்குள் போட்டுப் பூட்டி வைக்கிறார். விவரமான காரியம்தான்.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து லேப்டாப் படுத்துவிடுகிறது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி நண்பரின் கணினியில் மாட்டி, பென் டிரைவிலிருந்தே ஓடும் புதிய லைவ் லினக்ஸ் ஒன்றை ஏற்றிப் பார்க்கிறார். கோப்பு அப்படியே இருக்கிறது. ட்ரூகிரிப்டின் வாரிசு வெராகிரிப்ட் என்று கேள்விப்பட்டு, அதன் புதிய பதிப்பை இறக்கி, பாஸ்வேர்டைக் கொடுக்கிறார். திறக்கவில்லை. பாஸ்வேர்டு தவறாக இருக்கலாம் என்பதுதான் திரையில் வரும் முதல் காரணம். அவர் தன் ஞாபகத்தைத்தான் சந்தேகப்படுவார். ஒரு வாரம் விதவிதமாக அடித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடுவார்.

நடந்தது என்ன? ட்ரூகிரிப்ட் 2004-இல் வந்தது. யார் எழுதியது என்று கடைசிவரை பெயர் சொல்லாத ஆட்கள் எழுதியது. 2014 மே 28 அன்று "இனி இதைப் பயன்படுத்தாதீர்கள்" என்று திடீரென அறிவித்துவிட்டுக் கடையைக் கட்டினார்கள். உலகமே திட்டியது. ஆனால் போகும்போது அவர்கள் செய்த ஒரு நல்ல காரியத்தை யாரும் பெரிதாகப் பேசவில்லை. கடைசியாக 7.2 என்று ஒரு பதிப்பு விட்டார்கள். அதில் புதிதாக எதையும் பூட்ட முடியாது, பழையதைத் திறக்க மட்டும் முடியும். ஓடிப்போகிறவன்கூடச் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்!

அந்தக் குறியீட்டிலிருந்து கிளைத்த வெராகிரிப்ட் பல வருடம் பழைய ட்ரூகிரிப்ட் கோப்புகளையும் திறந்துகொண்டிருந்தது. 2023-இல் 1.26 வரிசை வந்தபோது அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். கூடவே ரைப்எம்டி160 என்ற ஹாஷும் கோஸ்ட்89 என்ற சைஃபரும் போயின. அவற்றை வைத்து வெராகிரிப்டிலேயே பூட்டியிருந்தாலும் புதிய பதிப்பு திறக்காது. வேண்டுமானால் பழைய 1.25.9 பதிப்பைத் தேடிப் போய்க்கொள்ளுங்கள் என்று பதிப்புக் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். நியாயமாக முன்கூட்டியே சொல்லியாயிற்று என்பார்கள். பதிப்புக் குறிப்பை யார் படிக்கிறார்கள்? படிக்கிறவர் ஏற்கெனவே கோப்பை மாற்றி வைத்திருப்பார். பத்து வருடம் கழித்து ஹார்டு டிஸ்க்கோடு வந்து நிற்கிறவருக்கு அந்த அறிவிப்பு எந்தக் காலத்திலும் போய்ச் சேராது.

பழைய முறையில் புதிதாகப் பூட்ட விடாதே என்றால் அது பாதுகாப்பு. பழைய முறையில் பூட்டியதைத் திறக்க விடாதே என்றால் அது பாதுகாப்பு இல்லை, கைகழுவல். இரண்டையும் ஒரே பெயரில் விற்பதுதான் இங்கே பிரச்சினை.

"பழைய குறியீட்டைச் சுமந்துகொண்டே இருந்தால் அதிலும் ஓட்டை வரும், பராமரிக்க ஆள் இல்லை" என்று ஒரு பதில் வரும். ஆள் இல்லை என்பது உண்மையான கஷ்டம். இலவசமாக உழைக்கிறவர்களைக் குறை சொல்வது சுலபம். ஆனால் ட்ரூகிரிப்டை வல்லுநர்கள் தணிக்கை செய்து 2015-இல் அறிக்கை கொடுத்தார்கள். சில குறைகள் இருந்தன. பின்கதவோ, பூட்டையே பயனற்றதாக்கும் வடிவமைப்புக் கோளாறோ அகப்படவில்லை. அப்படிப்பட்ட கோப்பை, அதன் சொந்தக்காரர், தன் கணினியில், படிக்க மட்டும் திறந்தால் என்ன குடி மூழ்கிவிடும்? எச்சரிக்கை ஒன்று காட்டிவிட்டுத் திறந்து கொடுக்கலாமே. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாக அல்லவா இருக்கிறது!

முடியாத காரியம் என்றும் சொல்ல முடியாது. லினக்ஸ் உலகிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். கிரிப்ட்செட்டப் என்ற கருவி 2013-இல் வந்த 1.6 பதிப்பிலிருந்தே ட்ரூகிரிப்ட் கோப்புகளைத் திறக்கிறது. வல்லத்து மாணவர் அதில் முயன்றிருந்தால் அன்றைக்கே பட்டா கையில் கிடைத்திருக்கும். டெயில்ஸ் என்ற லைவ் லினக்ஸ் 2014 டிசம்பரில் ட்ரூகிரிப்டை நீக்கியபோது, கிரிப்ட்செட்டப் வழியாகத் திறக்கும் வழியைக் காட்டியது. கட்டளை அடிக்கத் தெரியாதவர்கள் பாடு நான்கு வருடம் திண்டாட்டம்தான். 2018-இல் சொடுக்கித் திறக்கும் வசதியும் வந்துவிட்டது.

இதைவிட அழகான உதாரணம் ஒன்று உண்டு. லிப்ஜிகிரிப்ட் என்ற நிரல்தொகுப்பில், வேர்ல்பூல் என்ற ஹாஷைக் கணக்கிடுவதில் ஒரு பிழை இருந்தது. 1.6 பதிப்பில் அதைத் திருத்தினார்கள். திருத்தியதும் வந்தது வினை. பிழையான கணக்கில் பூட்டிய டிஸ்க்குகள் சரியான கணக்குக்குத் திறக்கவில்லை! 2014-இல் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தப் பழைய பிழையை அப்படியே நடித்துக் காட்டும் ஒரு வழியைத் தனியாகச் சேர்த்தார்கள். கிரிப்ட்செட்டப் அதைப் பயன்படுத்திப் பழைய டிஸ்க்கைத் திறந்தது. தவறான கணக்கைக்கூடப் பத்திரப்படுத்தி வைத்தார்கள், அதை நம்பி ஒருவர் பூட்டியிருக்கிறார் என்பதற்காக. பொறுப்பு என்றால் இது.

அதற்காகக் கிரிப்ட்செட்டப் தப்பே செய்யாது என்றும் நினைத்துவிட வேண்டாம். அதில் பிளெய்ன் என்று ஒரு முறை இருக்கிறது. அதில் எந்த சைஃபர், எந்த ஹாஷ் என்ற விவரத்தைக் கோப்பின் தலையில் எழுதி வைக்கும் பழக்கம் இல்லை. நீங்கள் சொல்லாவிட்டால் கருவியே ஒன்றை எடுத்துக்கொள்ளும். அந்த இயல்புத் தேர்வு 2010-இல் ஒருமுறை மாறியது. 2024 ஜனவரியில் வந்த 2.7 பதிப்பில் மீண்டும் மாறியது. ஆகவே டெபியன் 12-இல் எதுவும் குறிப்பிடாமல் பூட்டிய இமேஜை, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் அதே கட்டளை, அதே பாஸ்வேர்டு கொடுத்துத் திறந்தால் வருவது குப்பை. பாஸ்வேர்டு தவறு என்றுகூடச் சொல்லாது. சரிபார்த்துச் சொல்ல அதனிடம் எதுவும் இல்லையே! பார்க்கிறவருக்கு அது காலி டிஸ்க் மாதிரி தெரியும். "சரி, ஃபார்மட் பண்ணிவிடலாம்" என்று ஒருவர் முடிவெடுத்தால் போயே போய்விட்டது.

செஞ்சிக் கோட்டைக்குப் போனவர்களுக்குத் தெரியும். ராஜகிரி உச்சிக்குச் சற்று முன்னால் பாறையில் ஆழமான ஒரு பிளவு, அதன்மேல் ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி மேலே வர முடியாது. முகலாயப் படை 1690-இல் கோட்டையை முற்றுகையிட ஆரம்பித்து 1698-இல்தான் பிடித்தது. இன்றைக்கு அந்தக் கோட்டையை நம்பி யாரும் போருக்குப் போக மாட்டார்கள். பாதுகாப்பு ஏற்பாடு என்ற கணக்கில் அது எப்போதோ காலாவதி. அதற்காகப் பாலத்தைப் பிடுங்கிப் போட்டார்களா? மேலே இருப்பதைப் பார்க்கப் போகிறவருக்கு வழி வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் கோட்டை இடம்பிடித்துவிட்டது. கல்லுக்குக் கிடைக்கும் இந்த மரியாதை ஓர் ஏழை வீட்டுப் பட்டா நகலுக்குக் கிடைக்கக் கூடாதா?

மென்பொருள் எழுதுகிறவர்கள் மாறும்வரை நாம் சும்மா இருக்க முடியாது. பூட்டும் அன்றே ஒரு காகிதத்தில் எழுதுங்கள்: மென்பொருளின் பெயர், பதிப்பு எண், சைஃபர், ஹாஷ், சாவியின் நீளம், தனியாகச் சாவிக்கோப்பு உண்டா என்ற விவரம். பாஸ்வேர்டைத்தான் அதில் எழுதக் கூடாது. லினக்ஸின் லக்ஸ் முறையில் பூட்டினால் அதன் தலைப்பகுதியின் நகலையும் வேறிடத்தில் வையுங்கள். அது கெட்டால் பாஸ்வேர்டு தெரிந்தும் பயனில்லை. கணினி மாற்றும்போதெல்லாம் பழைய இமேஜை ஒருமுறை திறந்து பாருங்கள். திறக்கும் காலத்திலேயே புதிய முறைக்கு மாற்றிவிடுங்கள். பழைய டிஸ்க் கைக்கு வந்தால் முதல் வேலை நகல் எடுப்பது. நகலைத் திறக்க முயலுங்கள், அதுவும் படிக்க மட்டும். திறக்கவில்லை என்றால் ஃபார்மட் பக்கம் கை போகவே கூடாது.

பூட்டு எழுதத் தெரிந்த மகானுபாவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய முறையில் பூட்டும் பட்டனைத் தாராளமாகத் தூக்குங்கள், யாரும் அழ மாட்டார்கள். திறக்கும் பட்டனை மட்டும் விட்டு வையுங்கள். உள்ளே இருப்பது உங்கள் சொத்து இல்லை.