பாயசச் சட்டியில் தோற்கும் ஃபிக் விதி

சேலம், நாமக்கல் பக்கம் இன்ஜினியரிங் காலேஜுக்கும் பஞ்சமில்லை, சேகோ ஃபேக்டரிக்கும் பஞ்சமில்லை. ஆனால் இரண்டும் ஒன்றை ஒன்று எட்டிப் பார்ப்பதே இல்லை. ஜவ்வரிசி ஆலைகளுக்காக சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981-லேயே வந்துவிட்டது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வகுப்பறைக்குள் மட்டும் ஜவ்வரிசிக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை!

அங்கே விரவல் என்றால் 1855-இல் அடால்ஃப் ஃபிக் சொன்ன விதி, அவ்வளவுதான். நீர் உள்ளே போகும் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இரண்டு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு நேரம். பத்து மார்க். இதற்கு அடியில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: பொருள் மாறக்கூடாது, அதன் எல்லை நகரக்கூடாது.

இப்போது பாயசச் சட்டியைப் பாருங்கள். மாவு ஜவ்வரிசி கொதிக்கும்போது வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி ஆகிறது, நடுவில் வெள்ளைப் பொட்டு நிற்கிறது. வெந்ததற்கும் வேகாததற்கும் நடுவே உள்ள கோடு உள்ளே நகர்கிறது. மணி உப்புவதால் வெளி எல்லை வெளியே நகர்கிறது. ஆக, ஒரே மணியில் இரண்டு எல்லைகள், இரண்டுமே ஓடுகின்றன. குச்சிக்கிழங்கு மாவு நீர் பட்டதும் தானே மாறிவிடுகிறது. ஒளிந்திருந்த நிபந்தனை அங்கேயே காலி.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. துருவக் கடலில் பனி தடிப்பதை வைத்து ஸ்டெஃபான் 1889-லேயே நகரும் எல்லையைக் கணக்கிட்டார். நீர் வேகமாக வந்தும் பொருள் மெதுவாகத்தான் இளகுகிறது என்றால், எல்லை நேரத்துக்கு நேர்விகிதத்தில் நகரும் என்று 1966-இல் ஆல்ஃப்ரே, கர்னீ, லாய்டு மூவரும் பாலிமர்களை வைத்துச் சொன்னார்கள். அப்போது இரண்டு மடங்கு தூரத்துக்கு இரண்டே மடங்கு நேரம் போதும். இந்த இரண்டுக்கும் நடுவில் விழுவதைத்தான் முறைமாறிய விரவல் என்கிறார்கள். ஸ்டார்ச்சும் பாலிமர்தான் சாமி.

"அதெல்லாம் பிஎச்டி சமாச்சாரம், சிலபஸில் இடமில்லை" என்பார்கள். கணக்கை முழுசாகத் தீர்ப்பது கஷ்டம், உண்மை. ஆனால் 'எல்லை நகர்கிறதா?' என்று கேட்க பிஎச்டி எதற்கு? நீரில் உப்பி, மருந்தை மெதுவாக விடும் மாத்திரைகளிலும் இதே நகரும் எல்லைதான். அங்கே விதியை மாற்றிப் போட்டால் தப்பாவது மார்க் அல்ல, மருந்தின் அளவு.

செலவு என்ன? ஒரு சட்டி, ஒரு கடிகாரம், ஒரு பிளேடு. இரண்டு நிமிடத்துக்கு ஒரு மணியை எடுத்து, குளிர்ந்த நீரில் போட்டு, குறுக்கே வெட்டி, வெள்ளைப் பொட்டின் விட்டத்தை அளக்க வேண்டும். வெந்த பகுதியின் தடிமனை ஒருமுறை நேரத்தோடும், ஒருமுறை அதன் வர்க்கமூலத்தோடும் வரைந்தால் போதும். எது நேர்கோடு? இரண்டுமே இல்லையா? பதில் எந்த கைடிலும் இல்லை.

அந்த பயம்தான் ஜவ்வரிசியை லேபுக்குள் விடாமல் வைத்திருக்கிறது. விடை தெரிந்த கேள்வியை மட்டும் கேட்கும் படிப்புக்கு ஆய்வகம் எதற்கு, ஜெராக்ஸ் கடை போதாதா?