காலைக் கொஞ்சம் பாருங்களேன்

சர்க்கரைக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவர் கிளினிக் வாசலில் முதலில் செய்வது செருப்பைக் கழற்றி விடுவது. அத்தோடு காலின் கதை முடிந்தது. உள்ளே எடை பார்ப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், வெறும் வயிற்றுச் சர்க்கரை, சாப்பிட்ட பின் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி எல்லாம் பார்ப்பார்கள். சீட்டில் மாத்திரை கூடும், குறையும். மேஜைக்கு அடியில் இருக்கிற இரண்டு பாதங்களை மட்டும் குனிந்து பார்க்க ஆளில்லை. ‘தலை முதல் பாதம் வரை’ என்று விளம்பரம் செய்து ஆயிரக்கணக்கில் வாங்குகிற மாஸ்டர் செக்கப்பிலும் இதே லட்சணம்தான். நான் போன இடத்தில் இருதயம், ஈரல், கிட்னி என்று பக்கம் பக்கமாக ரிப்போர்ட் கொடுத்தார்கள். சாக்ஸைக் கழற்றுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

டாக்டர்களை மட்டும் சொல்லி என்ன பயன்? நாமும் காட்ட மாட்டோமே! என் அத்தை டாக்டர் முன்னால் உட்கார்ந்தாலே பாதத்தைப் புடவைக்குள் இழுத்துக்கொள்வார். “காலைக் காட்டுங்க அத்தை” என்றால், “போடா, டாக்டர் மூஞ்சிக்கு நேரா காலைத் தூக்கறதா? வெறும் பித்தவெடிப்புதானே” என்று அடக்கிவிடுவார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அந்தக் காலில் விழுகிற நாங்களாவது பார்த்தோமா? விழுந்த வேகத்தில் எழுந்து, ஆசீர்வாதத்தையும் நூறு ரூபாயையும் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். (தலைவர்கள் காலில் விழுகிறவர்களைப் பற்றி நான் பேச வரவில்லை.)

இது ஏதோ நாலு வீட்டுப் பிரச்சினை இல்லை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் என்றது. தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம், ஏழு பேருக்கு ஒருவர். சர்க்கரை நரம்பைக் கெடுக்கத் தொடங்கினால் உடம்பிலேயே நீளமான நரம்புகள்தான் முதலில் அடிபடும். அவை போய் முடிகிற இடம் பாதம். “எரியுது” என்பார்கள். “பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு” என்பார்கள். வீட்டில் விளக்கெண்ணெய் தடவச் சொல்வோம். பிறகு ஒருநாள், வழியில் ரப்பர் செருப்பு கழன்றது தெரியாமல் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்வார்கள். வயசாகிவிட்டது, மறதி என்று எல்லோரும் சிரிப்போம். மறதியா அது? உணர்ச்சி போன கால் அது! எரிச்சல் தானாக நின்றுவிட்டதென்றால் குணமாகிவிட்டது என்று சந்தோஷம் வேறு.

இதில் எனக்குத் தாங்காத கோபம் என்னவென்றால், இந்தப் பாடத்தை உலகத்துக்குச் சொன்ன ஊர்களில் ஒன்று நம்முடைய வேலூர். 1946-இல் அங்கே சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் பட்ட காயத்தையும் சூட்டையும் கவனிக்காமல்தான் பறிபோகின்றன என்று காட்டினார். பிற்பாடு அமெரிக்கா போய், சர்க்கரை நோயாளியின் மரத்த காலுக்கும் இதே கதிதான் என்று சொன்னார். அந்த வேலூருக்கு அடுத்த மாவட்டமான திருவண்ணாமலையில், சர்க்கரை உள்ளவர்களும் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை வெறுங்காலில் சுற்றுகிறார்கள். சாமியைக் குறை சொல்லவில்லை. ஆனால் கொதிக்கிற கருங்கல்லில் கொப்புளம் கிளம்பியதே, மறுநாள் பாயில் ஈரம் பட்ட பிறகுதான் தெரிகிறது என்றால் என்ன செய்வது? போதாக்குறைக்கு, கால் ஆணியைப் பழைய பிளேடால் சீவுகிற வைத்தியர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

காலில் தெரிவது சர்க்கரை மட்டும்தானா? வீங்கிய காலில் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கிறதா? இரண்டு காலிலும் என்றால் இருதயம், சிறுநீரகம், ஈரல் மூன்றையும் சந்தேகப்பட வேண்டும். சில பிரஷர் மாத்திரைகளாலும் வரும். ஒரே காலில் திடீர் வீக்கம், கெண்டைச் சதையில் வலி என்றால் ரத்தம் உறைந்திருக்கலாம், அது அவசரம். நாமோ மருந்துக் கடையில் நின்று, “நீர் போற மாத்திரை ஒரு பட்டை கொடுங்க” என்கிறோம். கடைக்காரரும் கொடுக்கிறார்! கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, நின்றால் விட்டுப்போகிற வலி, ரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். காலில் அடைத்தது இருதயத்திலும் அடைத்திருக்கக்கூடும். அதற்கு நாம் வைத்திருக்கும் பதில் தைலம்.

ஆனால் வாட்ஸ்அப்பில் பாருங்கள், காலைப் பற்றித்தான் எத்தனை ஞானம்! கட்டைவிரலை அழுத்தினால் மூளை, குதிகாலை அழுத்தினால் குடல் என்று கலர் கலராகப் படம். அதை நம்பி மசாஜ் நாற்காலிக்குக் கொட்டிக் கொடுக்கிறவர்கள், 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிற சோதனையைக் கேள்விப்பட்டதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, இழை படுவது தெரிகிறதா என்று சொல்ல வேண்டும். சில நிமிட வேலை. கூடவே பாதத்தின் மேலும், உள் கணுக்காலுக்குப் பின்னாலும் விரல் வைத்து நாடி பார்ப்பார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது இதைச் செய்தே ஆக வேண்டும். செய்யாவிட்டால் கேட்டு வாங்குங்கள். மருந்துச் சீட்டு எழுதி முடிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், இன்றைக்கு ராத்திரி செல்போன் டார்ச்சை அடித்து அவர்கள் விரலிடுக்கையும் உள்ளங்காலையும் பாருங்கள். கூச்சப்பட்டு இழுத்துக்கொள்வார்கள், விடாதீர்கள். புண் தட்டுப்பட்டு, “வலியே இல்லப்பா” என்று அவர்கள் சொன்னால், விடிந்ததும் முதல் வேலையாக டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.