ஆரியசாலை அண்ணாச்சியும் எண்பது சதவீத வர்ச்சுவலும்

"எங்க கம்பெனி எண்பது சதவீதம் வர்ச்சுவல்" என்று இங்கே ஒரு கூட்டத்தில் ஒருவர் மார்தட்டினார். எதை வைத்து அளந்தீர்கள் என்று கேட்டேன். எத்தனை பேர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள், எத்தனை வேலை வெளியே போகிறது என்று ஒரு பட்டியல் வாசித்தார். கடன் மனுக்களைப் படித்தே கண் பூத்துப்போன எனக்கு இது அளவாகவே படவில்லை.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவை ஒட்டிய ஆரியசாலையைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் புதுசா என்ன? அங்கே மொத்த வியாபாரம் செய்யும் நம்மூர் அண்ணாச்சிக்கு ஒரு நாற்காலி, ஒரு போன், ஒரு பேரேடு. பருப்பு விருதுநகரிலிருந்து வரும். லாரி இன்னொருவருடையது. மூட்டை இறக்குகிறவரும் அவர் ஆள் இல்லை. டேவிடோவும் மலோனும் 1992ல் 'தி வர்ச்சுவல் கார்ப்பரேஷன்' எழுதுவதற்கு முன்பே அண்ணாச்சி வர்ச்சுவல்தான்!

பி.காம். படித்தவர்களுக்கு அளவுகோலும் புதிதல்ல. விற்பனையில் சொந்த மதிப்புக்கூட்டல் எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார் அடெல்மன், 1955ல். 100 ரூபாய்க்கு விற்று, அதில் 90 ரூபாய் வெளியே வாங்கியது என்றால் மிச்சம் 10 ரூபாய்தான் கம்பெனி. நல்ல கணக்கு. ஆனால் மூட்டை காலில் விழுந்தால் வைத்தியச் செலவு யாருடையது? அதை இந்தக் கணக்கு சொல்லாது.

கேரளம் அதற்கு 1978லேயே சுமைதூக்கும் தொழிலாளர் சட்டம் போட்டது. ஒருவர் ஒரே நாளில் பத்துக் கடைக்கு மூட்டை இறக்குவார், பத்துப் பேரும் முதலாளி இல்லை என்பார்கள். சரி, எல்லோரும் கூலியோடு ஒரு பங்கை நலவாரியத்தில் கட்டுங்கள் என்றார்கள். (நோக்குகூலி என்ற அநியாயமும் கூடவே வளர்ந்தது, மறுக்கவில்லை. 2018ல் அரசே தடை செய்தது.)

ஆப் கம்பெனிகளைப் பாருங்கள். ஊபர் ஓட்டுநர்கள் தொழிலாளர்கள்தான் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021ல் சொல்ல வேண்டியிருந்தது. இந்தியாவில் இவர்கள் விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் கட்டவேண்டும் என்று சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வந்தது 2020ல். அமலுக்கு வந்தது 2025 நவம்பரில். அரிசி மூட்டைக்கு 1978ல் கிடைத்த பதில் பிரியாணிப் பொட்டலத்துக்கு வர இத்தனை வருஷம்.

என் அளவு ஒன்றுதான். இந்த வருமானத்துக்காக உழைக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அடிபட்டால் கம்பெனி 'எங்க ஆள் இல்லை' என்று கைவிரிக்கும்? அந்தச் சதவீதத்தைச் சொல்லிவிட்டு மார்தட்டட்டும்.

உங்கள் பிள்ளைகள் ஆஃபர் லெட்டர் காட்டினால் சம்பளத்துக்கு முன்னால் கையெழுத்துப் போட்டது யார் என்று பாருங்கள். போன மாதம் நண்பர் ஒருவர் தன் பெண்ணுடையதை அனுப்பியிருந்தார். மூன்று கம்பெனி பெயர் இருந்தது. பி.எஃப். கட்டப்போவது யார் என்று ஒரு வரி இல்லை.