"வாசிக்கவில்லையா?" என்று கேட்க முன்

பாவித்த ஜப்பான் சாமான் விற்கும் நம் கரையோரக் கடைகளுக்கு இந்த முறைப்பாடு புதிதல்ல. வாங்கியவர் வீட்டுக்குப் போய் நேரே பிளக்கில் போட்டார்; கருகிவிட்டது. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. அடியில் ஒட்டிய லேபலில் அது இருக்கத்தான் செய்கிறது. "வாசிக்காதது உங்கட பிழை" என்று நாலு பேர் முன் சொல்லி வாதத்தில் வெல்லலாம். ஆள் திரும்ப வரமாட்டார், அவர் வீட்டாரும்தான்.

ஜப்பான் எழுத்துக்கு நடுவே கிடக்கும் எண்ணை யார் தேடிப் பார்ப்பார்? சாமானை அறிந்தவர் வியாபாரிதான். காசு வாங்க முன் வாயால் சொல்லுங்கள். பில்லிலும் "100 வோல்ட், ட்ரான்ஸ்போமர் தேவை" என்று தமிழில் எழுதுங்கள். (கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டமும் சொல்கிறது.) எழுதிக் கொடுத்த பின்னும் கருக்கிக்கொண்டு வந்தால், திருத்துமிடத்தைக் காட்டினால் போதும். சொல்லாமல் விற்றதென்றால் திருத்தக் கூலி கடையுடையது.